பஸ் மாத்திரை

கோகிலவாணிக்குக் கை திரும்பக் கிடைத்து ஒன்றரை வருஷம் ஆன பிறகு, அவளுக்குப் போட்ட ஊசி வேலை செய்யாத ஊசி என்று அறிவித்தார்கள்.

அறிவித்தவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கோயம்புத்தூர் ஆய்வு மையத்தின் கூட்ட அறையில், சுவர் முழுக்க ஒளிர்ந்த திரைக்கு முன்னால் நின்று, மருந்து கம்பெனியின் சார்பில் வந்திருந்த பிரணவ் என்ற இளைஞர் ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார். மொத்தம் எழுபத்தெட்டுப் பெண்கள். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பாதிக்கு வெறும் உப்புத்தண்ணீர். யாருக்கு எது என்று ஊசி போட்ட டாக்டருக்கே தெரியாது. இரண்டு வருஷம் கழித்து ரகசியத்தைப் பிரித்துப் பார்த்தால், இரண்டு பக்கத்திலும் ஒரே அளவுக்குத்தான் மூட்டு வீக்கம் குறைந்திருக்கிறது. ஆக, மருந்தும் உப்புத்தண்ணீரும் ஒன்று. ஆய்வு இத்தோடு நிறுத்தப்படுகிறது. ஒத்துழைத்த எல்லோருக்கும் நன்றி. வெளியே காபி வைத்திருக்கிறது.

முன்வரிசையில் இருந்த கோகிலவாணி பத்து விரல்களையும் ஒரு தரம் மடக்கி நீட்டினாள்.

"எனக்குப் போட்டது எதுங்க?"

பிரணவ் கையில் இருந்த தொடுதிரைப் பலகையைப் பார்த்தார். "உங்களுக்கு மருந்துதான்மா."

"அப்ப இந்தக் கை?"

"சில பேருக்குத் தானாவே சரியாகும். ஒருத்தரை வெச்சு எதையும் முடிவு பண்ண முடியாது."

தானாகவாம். நாற்பத்தொரு வயதில் முடக்குவாதம் வந்ததும் தானாகத்தான். குழாயைத் திருகக் கை வராமல், ரவிக்கை ஊக்கைப் புருஷன் மாட்டிவிட, சாப்பாட்டைக் கரண்டியால் அள்ளி விழுங்கிய மூன்று வருஷம் அது ஏன் தானாகச் சரியாகவில்லை? திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வெட்டுவது, தைப்பது, மடிப்பது எல்லாம் எந்திரத்துக்குப் போய்விட்டது. இழுத்தால் இழுபடும் கழுத்துப்பட்டியைச் சுருக்கம் விழாமல் வைத்துத் தைப்பது மட்டும் இன்னும் மனுஷிக் கையை நம்பித்தான் இருந்தது. அந்தக் கைகளில் ஒரு ஜோடி கோகிலவாணியுடையது. ஊசி போட்ட ஆறாம் மாதம் அவள் மறுபடி ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்தபோது, அந்த வரிசையில் தைத்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து வந்து அவள் விரலைத் தொட்டுப் பார்த்தார்கள்.

காபி குடிக்கப் போகாமல் அவள் நேராக டாக்டர் நஸ்ரின் அறைக்குப் போனாள். இரண்டு வருஷமாக எழுபத்தெட்டுப் பேரையும் பார்த்துவந்தவர் அவர்தான். மேஜையில் கிடந்த காகிதங்களை அடுக்குவதும் கலைப்பதுமாக இருந்தார்.

"டாக்டர், எனக்கு அடுத்த ஊசிக்கு இன்னும் இருவது நாள்தானுங்க இருக்குது."

"இல்லைம்மா. ஆய்வு நின்னா மருந்தும் நின்னுடும். மீதி இருக்கறதை எரிச்சிடணும்னு விதி."

"போடலீன்னா என்னாகும்?"

"உங்க உடம்பு மறந்திடும். மூணு மாசமோ நாலு மாசமோ." டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "முதல் நாள் நாய்க் கதை சொன்னேனே, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. உடம்பைக் காவல் காக்கிற நாய் ஒன்று உண்டு. முடக்குவாதத்தில் அது வீட்டு ஆளையே திருடன் என்று நினைத்து மூட்டைக் கடித்துக் குதறுகிறது. பழைய மருந்தெல்லாம் நாயைத் தூங்கவைக்கிற மருந்து. நாய் தூங்கினால் நிஜத் திருடனும் உள்ளே வந்துவிடுவான். இந்த ஊசியில் இருப்பது மருந்தே அல்ல, ஒரு செய்முறைக் குறிப்பு. டி.என்.ஏ. எழுத்தில் எழுதியது. தோளில் போட்டால், தோள்சதை அந்தக் குறிப்பைப் படித்து, மூட்டில் இருக்கிற பொருளில் துளியூண்டு தானே தயாரித்து, 'இது நம் வீட்டு வாசனை, கடிக்காதே' என்று நாய்க்கு மோந்து பார்க்கக் கொடுத்துப் பழக்கும். வருஷத்துக்கு ஒரு தரம் அதை ஞாபகப்படுத்த வேண்டும்.

"மருந்து போட்ட முப்பத்தொம்பது பேர்ல, உங்க ரத்தத்துல மட்டும்தான் அந்தப் பாடம் ஏறியிருக்கு" என்றார் டாக்டர். "மத்த முப்பத்தெட்டுப் பேர் உடம்பு ஊசியைக் கண்டுக்கவே இல்லை. எலி கத்துக்கிச்சு, குரங்கு கத்துக்கிச்சு, நீங்க கத்துக்கிட்டீங்க. இவங்க ஏன் கத்துக்கலைன்னு ரகசியத்தைப் பிரிச்சதுலேர்ந்து மண்டையை உடைச்சிக்கிறேன்."

"ஆனா அவங்களுக்கும் வீக்கம் கொறஞ்சிருக்குதுன்னு சொல்றாரே அவரு."

"அதான் கூத்து. உப்புத்தண்ணி போட்டவங்களுக்குக்கூடக் குறைஞ்சிருக்கு."

கோகிலவாணி மெதுவாகக் கேட்டாள். "டாக்டர், பாடம் நடக்கறப்ப நாய் தூங்கிட்டிருந்தா?"

"தூங்கற நாய்க்கு எதைச் சொல்லிக்கொடுக்கறது?" என்ற டாக்டர் சட்டென்று நிமிர்ந்தார். "ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதானுங்க" என்று சொல்லிவிட்டு அவள் வெளியே வந்தாள்.

சும்மா இல்லை. அவளுக்குத் தெரியும். பஸ்ஸில் வருகிற அத்தனை பேருக்கும் தெரியும், டாக்டருக்குத்தான் தெரியாது. ஆய்வுக்கு வருகிற நாளில் எட்டு மணிக்கு வெறும் வயிற்றோடு ஆஜராக வேண்டும் என்பது சட்டம். சேவூர், புளியம்பட்டி, அன்னூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் முடியும். முடக்குவாதக்காரிக்குக் காலை நேரம் எப்படிப்பட்டது என்று அந்தச் சட்டம் எழுதியவருக்குத் தெரியவில்லை. விடிகாலையில் விரல் மரக்கட்டை, முட்டி இரும்பு. பஸ் கம்பியை எதைக் கொண்டு பிடிப்பது, படியில் எப்படி ஏறுவது? அதற்குத்தான் பஸ் மாத்திரை.

மெடிக்கல் கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கிற சின்ன வெள்ளை ஸ்டீராய்டு மாத்திரை. முந்தின நாள் சாயங்காலம் ஒன்று, விடிகாலை ஒன்று. இரண்டு நாளைக்கு நோவு இருந்த இடம் தெரியாது. அதை யாரும் தப்பு என்று நினைத்து ஒளிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு நல்ல சேலை கட்டிக்கொண்டு போவதைப் போல அதுவும் ஒரு முறை, அவ்வளவுதான். நாலு பேர் பார்க்கிற இடத்துக்குப் போகிறோம், கொஞ்சம் பார்க்கும்படியாகப் போவோமே.

கோகிலவாணி ஒருத்திதான் போட்டதில்லை. புத்திசாலித்தனம் ஒன்றும் இல்லை, சுத்த வீம்பு. நோவோடு போனால்தானே டாக்டருக்கு நோவு தெரியும் என்பது அவள் கட்சி. கண்டக்டரிடம் திட்டு வாங்கி, முழங்கையால் கம்பியைக் கோர்த்துக்கொண்டு, வழியெல்லாம் முனகியபடி வருவாள். மற்றவர்கள் அவளைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

திரும்புகிற பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்தில் ஜோதிலட்சுமி உட்கார்ந்தாள். அன்னூர்க்காரி, முப்பத்தாறு வயது, பள்ளிக்கூடத்தில் ஓவிய டீச்சராக இருந்து சாக்பீஸ் பிடிக்க முடியாமல் வேலையை விட்டவள். முன் சீட்டில் மயிலாத்தாள், அறுபதைத் தாண்டியவர். கோகிலவாணி எதையும் மறைக்காமல் சொன்னாள். நாய், பாடம், தூக்கம், மாத்திரை. ஊசி போடுகிற நாளிலேயே நாயைத் தூங்கவைத்துவிட்டு எல்லோரும் பாடம் கேட்கப் போயிருக்கிறோம். மூட்டை அமுக்கிப் பார்க்கிற நாளிலும் மாத்திரைதான் வீக்கத்தைக் குறைத்துக் காட்டியிருக்கிறது. உப்புத்தண்ணீருக்கும் அதேதான்.

ஜோதிலட்சுமி அவள் கையைப் பிடித்தாள். "இதைப் போய் டாக்டர்கிட்ட சொல்லப் போறீங்களாக்கா?"

"சொல்லாம?"

"வேற மருந்து எதுவும் சாப்பிடமாட்டோம்னு கையெழுத்துப் போட்டிருக்கறோம். பொய் சொன்னோம்னு ஆயிரும். நாளைக்கு வேற ஏதாவது நல்ல மருந்து வந்தா நம்மளைப் பக்கத்துலயே சேக்கமாட்டாங்க. உங்களுக்கு நல்லாயிருச்சு, நீங்க பேசுவீங்க."

"எனக்கும் இருவது நாளுக்கு மேல இல்ல அம்மிணி."

மயிலாத்தாள் திரும்பினார். "எல்லாத்தையும் காட்டிக் குடுத்துப்போட்டு உன்ற கையக் காப்பாத்திக்கலாம்னு பாக்கறயா?"

கோகிலவாணிக்குச் சுருக்கென்றது. அதில் கொஞ்சம் உண்மையும் இருந்ததால் இன்னும் அதிகமாகச் சுருக்கென்றது. "ஆமாங்க பெரியம்மா. என்ற கையி எனக்கு வேணும். உங்க கையும் உங்களுக்கு வேணும்னு நெனச்சேன். நான் மட்டும் போய்ச் சொன்னாத்தான் காட்டிக்குடுக்கறது. எல்லாரும் சேந்து போனா அதுக்குப் பேரு வேற."

பாதி வழி போன பிறகு ஜோதிலட்சுமி ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள். "எனக்கு எதைப் போட்டாங்களாம்? கேட்டீங்களா?"

டாக்டர் மேஜையில் கிடந்த பட்டியலைக் கோகிலவாணி பார்த்திருந்தாள். சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தாள். "மருந்துதான்" என்றாள்.

ஜோதிலட்சுமி தன் கைகளைப் பார்த்தாள். பஸ் மாத்திரையின் தயவில் அன்றைக்கு அவை நன்றாக மடங்கின. "அப்ப நானே கெடுத்துக்கிட்டனா?"

"நீ கெடுக்கல. எட்டு மணி கெடுத்துச்சு."

பஸ் பேச்சு ஊர் ஊராகப் பரவி, வியாழக்கிழமை கோகிலவாணியோடு முப்பத்தொரு பேர் ஆய்வு மையத்துக்குப் போனார்கள். கூப்பிடாமல் போனார்கள், மாத்திரை போடாமல் போனார்கள். வேன் பிடித்துப் பத்தரைக்குக் கிளம்பியும், ஏறவும் இறங்கவும் ஆன நேரத்தில் ஒரு மணி ஆகிவிட்டது. வரவேற்பறைப் பெண் அவர்களை முதலில் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. இரண்டு வருஷமாக வந்துபோன பெண்கள்தான், ஆனால் இப்படி ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு, சுவரைப் பிடித்து நடந்து அவள் பார்த்ததே இல்லை.

டாக்டர் நஸ்ரின் அறையில் இடம் போதாமல் நடைபாதையிலேயே பேச்சு நடந்தது. ஜோதிலட்சுமி முதலில் பேசினாள். எந்தெந்த நாளில் மாத்திரை போட்டாள் என்று தேதியோடு சொன்னாள். அவளைத் தொடர்ந்து ஒவ்வொருவராகச் சொன்னார்கள். மயிலாத்தாளுக்குத் தேதி நினைவில்லை. "கூப்பிட்டப்பெல்லாம் போட்டேன்" என்றார். டாக்டர் சுவரில் சாய்ந்து, கையால் வாயை மூடிக்கொண்டு கேட்டார்.

பிரணவ் காத்திருந்து, கடைசியில் பேசினார். "நீங்க வந்து சொன்னதுக்கு நன்றி. ஆனா உறுதிமொழிப் படிவத்துல ஏழாவது பக்கம் தெளிவா இருக்கு. விதி மீறினவங்க தகவல் செல்லாது. அப்படிப் பார்த்தா ஆய்வே செல்லாது. நிறுத்தறதுக்கு இன்னொரு காரணம் கிடைச்ச மாதிரிதான்."

"தம்பி" என்றாள் கோகிலவாணி. "பன்னெண்டு பக்கம் படிவத்தையும் நான் படிச்சேன். தூக்கம் வருதான்னு கேட்டிருந்தீங்க, வயித்தால போகுதான்னு கேட்டிருந்தீங்க. எப்படி பஸ் ஏறி வருவீங்கன்னு எந்தப் பக்கத்துல கேட்டிருந்தீங்க?"

அவர் கையில் இருந்த பலகையில் படிவத்தைத் தேடினார்.

"காலையில கையி வெறைக்கறதுதான் இந்த நோயி. அந்த நோய்க்காரியக் காலையில எட்டு மணிக்கு வரச் சொன்னது யாரு? நொண்டியை ஓடி வரச்சொல்லிப்போட்டு, எப்படி ஓடுனேன்னு கேஸ் போடறீங்க. மருந்து தோத்துப்போச்சுன்னு சொல்லாதீங்க. அது இவங்க உடம்புக்குள்ள வந்ததே இல்லைன்னு சொல்லுங்க."

நடைபாதையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பிரணவ் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள். "அம்மா, நீங்க சொல்றது நியாயமாவே இருக்கட்டும். ஆனா மறுபடி முதல்லேர்ந்து தொடங்கணும்னா, மருந்து வேலை செய்யுதுங்கறதுக்கு எதையாவது காட்டணும். என்கிட்ட இருக்கறது நீங்க ஒருத்தர். உங்களுக்குத் தானாவே சரியாச்சுன்னு யாராவது சொன்னா, நான் என்ன காட்டுவேன்?"

டாக்டர் நஸ்ரின் சுவரை விட்டு நிமிர்ந்தார். "ஒரு வழி இருக்கு" என்றார். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்பது போல உடனே தலையை ஆட்டினார். "இல்லை, வேணாம்."

"என்னன்னு சொல்லுங்க டாக்டர்."

"ஊசிதான் நின்னுபோச்சே. வேற மருந்து எதுவும் குடுக்காம, வாராவாரம் உங்க ரத்தம் பார்க்கறது. பாடம் மறக்க மறக்க நோய் திரும்பி வந்துச்சுன்னா, குணமாக்கினது ஊசிதான்னு ஆயிடும். தற்செயலுக்கு அப்படி ரெண்டும் சேர்ந்து நடக்காது." அவர் குரல் இறங்கியது. "ஆனா நோய் வர்ற ஒவ்வொரு வாட்டியும் எலும்பைக் கொஞ்சம் தின்னுட்டுத்தான் போகும். தின்னது திரும்ப வராது. அப்புறம் ஊசி போட்டாலும் இப்ப இருக்கற கை அப்படியே கிடைக்கும்னு என்னால சொல்ல முடியாது. இதை உங்ககிட்ட கேக்கறதுக்கே எனக்கு உரிமை இல்லை."

எல்லோரும் கோகிலவாணியைப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. மிஷின் மேல் பட்டி ஓடும்போது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அந்தத் துணி வழுக்கிப் போகிற சுகம் அவளுக்கு நினைவு வந்தது. அதை விட்டுக்கொடுக்க அவளுக்குத் துளியும் மனசில்லை. ஆனால் சும்மா இருந்தாலும் அது போகத்தான் போகிறது. சும்மா போவதற்குப் பதிலாக இவர்கள் கண்ணெதிரே போகட்டுமே.

"வந்துச்சுன்னா புதுசா ஆய்வு நடக்கும்ல?" என்று பிரணவிடம் கேட்டாள். "மத்தியானம் நடக்கோணும். வண்டி வீட்டு வாசலுக்கு வரோணும். இவங்க அத்தனை பேருக்கும் எடம் இருக்கோணும். அதை எழுதிக் குடுங்க, நான் வேற மருந்தே தொடாம நோவு வர்றதக் காட்டறேன்."

எழுதி வாங்க ஒன்பது நாள் ஆனது. அவள் விடவில்லை.

வீட்டில் புருஷன் மனோகரன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், "சாமிகிட்ட நான் என்னன்னு வேண்டறது கோகிலா? நோவு வரோணும்னா, வரக்கூடாதுன்னா?" என்று கேட்டான். அவளுக்கே அது தெரியவில்லை. நோய் வராவிட்டால் கை மிச்சம், ஆனால் தானாகச் சரியாச்சு என்று பிரணவ் சொன்னதுதான் மெய். முப்பத்தொரு பேருக்கும் கதவு சாத்திக்கொள்ளும். வந்தால் கை போச்சு. உலகத்தில் இந்த மாதிரி ஒரு காத்திருப்பு யாருக்காவது வாய்த்திருக்குமா என்று நினைத்துக்கொள்வாள். தினமும் கண் விழித்ததும் படுத்தபடியே விரலை மடக்கிப் பார்ப்பாள். மடங்கும். சந்தோஷமும் ஏமாற்றமும் ஒரே நேரத்தில் வரும். ஊசி போட வேண்டிய தேதி தாண்டி எழுபது நாள் மடங்கியது. எண்பது நாள் மடங்கியது. வாராவாரம் ரத்தம் எடுத்துப் போனார்கள். பாடம் கரைகிறது, கரைகிறது என்று டாக்டர் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

தொண்ணூற்று நான்காம் நாள் காலையில் வலது கை நடுவிரல் மடங்கவில்லை. மறுநாள் இரண்டு கையும். ஒரு வாரத்தில் மணிக்கட்டு வீங்கி, டம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துத் தூக்க வேண்டியதாயிற்று. முதல் நாள் அவள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே டாக்டரைக் கூப்பிட்டு, "வந்துருச்சுங்க" என்றாள். மனோகரன் மெடிக்கல் கடைக்குப் போய் வெள்ளை மாத்திரை வாங்கி வந்து அவள் முன்னால் வைத்தான். அவள் அதை முழங்கையால் அப்பால் தள்ளினாள்.

அந்த வார முடிவில், ஆய்வு மையத்தில் மதியம் இரண்டு மணி. ஆய்வுகளைக் கண்காணிக்கிற நன்னெறிக் குழுவிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள், பிரணவ் இருந்தார். நடைபாதையில் அந்த முப்பத்தொரு பேரும் இருந்தார்கள். டாக்டர் நஸ்ரின் இருபத்தெட்டு மூட்டுகளையும் ஒவ்வொன்றாக அமுக்கினார். பத்தொன்பதில் வீக்கம். பிடிமானம் பார்க்கிற ரப்பர் உருண்டையைக் கையில் கொடுத்தார். நாலு மாதத்துக்கு முன் இருபத்தாறு காட்டிய அதன் முள் இப்போது நாலைத் தாண்டவில்லை. ரத்தத்தில் ஏறிய பாடத்தின் கோடும் வீக்கத்தின் கோடும் திரையில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போயிருந்தன. ஒன்று இறங்க இறங்க மற்றது ஏறியிருந்தது. குழுவின் பெரியவர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது போதும்" என்றார்.

"உங்களுக்குன்னு எரிக்காம வெச்ச ஊசியை இன்னைக்கே போட அனுமதி வாங்கிட்டேன்" என்று டாக்டர் அவள் காதோரம் சொன்னார். "இந்தத் தாளை மட்டும் முடிச்சிடுவோம்."

பிரணவ் தாளை நீட்டினார். மற்றதெல்லாம் திரையில் நடந்தாலும் நன்னெறிக் குழுவுக்கு மட்டும் இன்னும் காகிதம்தான். கோகிலவாணி படித்தாள். 'நோயாளியின் உடல்நிலையில் மாற்றம் காணப்படுகிறது.'

"என்ன மாத்தமுங்க? இளைச்சுப் போயிட்டனா?"

"அது வழக்கமா எழுதற வாசகம்மா."

"ஊசி நின்னுச்சு, நோயி வந்துச்சு. அதை எழுதுங்க."

பிரணவ் குழுவைப் பார்த்தார். பெரியவர் தலையாட்டினார். வேறு தாள் அடித்து வந்தது. 'ஊசி நிறுத்தப்பட்டதால் எனக்கு நோய் திரும்ப வந்துள்ளது.' கோகிலவாணி அதை இரண்டு முறை படித்தாள். ஜென்மத்தில் எந்தக் காகிதத்தையும் அவள் இவ்வளவு ஆசையாகப் படித்ததில்லை.

"கையெழுத்துக் கஷ்டமா இருந்தா, கைரேகை வெச்சாப் போதும்" என்று பிரணவ் மைப்பெட்டியை நகர்த்தினார். கரிசனமாகத்தான் சொன்னார்.

"பேனாவக் குடுங்க."

ஒரு கையால் பிடிக்க முடியவில்லை. பேனா நழுவி விழுந்தது. டாக்டர் குனிந்து எடுத்துக் கொடுத்தார். கோகிலவாணி அதை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து அழுத்திக்கொண்டு, தோளிலிருந்து கையை அசைத்து எழுதத் தொடங்கினாள். முதல் எழுத்துக்கே நெற்றி வேர்த்துவிட்டது. இரண்டாம் எழுத்தில் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஜோதிலட்சுமி வாசலில் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். குழுவின் பெரியவர் எழுந்து நின்றுவிட்டார். ஐந்து எழுத்துப் பெயர்தான், முடிக்க நாலு நிமிஷம் ஆனது. பார்க்க ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்து மாதிரி இருந்தாலும் யார் படித்தாலும் கோகிலவாணி என்றுதான் படித்தாக வேண்டும்.

பிரணவ் மூச்சை விட்டுவிட்டுத் தாளை எடுக்கக் கை நீட்டினார். அவள் முழங்கையைத் தாளின் மேல் வைத்துக்கொண்டாள்.

"இருங்க தம்பி" என்றாள். "தேதி போடோணும்."